கூதிரும் கோட்டும்

ஐப்பசி பிறந்து ஒரு கிழமையாகிறது. காலையில் வெயில் சற்றே தலைகாட்டும். நண்பகலுக்குள் முகில் வந்து மலையை மூடும். பிற்பகல் மூன்று மணியளவில் இடியோடு மழை இறங்கும். அந்தியில் மூடுபனி லயத்து இஸ்தோப்புவரை வந்து நிற்கும். ஹட்டன் பக்கத்து மலைகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கண்டுவரும் ஐப்பசி இதுதான். இதனை அறியப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் துணிகள் இடத்துக்குப் போட்டியிடத் தொடங்கினால் ஐப்பசி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஓராண்டை ஆறு பருவமாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம் என்று வகுத்தார் தொல்காப்பியர். கல்லூரியில் அந்நூற்பாவைப் பாடங்கேட்ட அன்று, மலையும் குளிரும் நள்ளிரவும் ஒருங்கு கூடினால் தலைவனும் தலைவியும் கூடுதற்கு அதைவிடச் சிறந்த காலம் வேறில்லை என்று ஆசிரியர் நயம்பட விரித்தார். உடனிருந்தவர்கள் மகிழ்ந்து கேட்டார்கள். எனக்கு மட்டும் காதல் நினைவுக்கு வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே, ஒரே கம்பளிக்குள்ளே, நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்த யாமங்களே நினைவுக்கு வந்தன. அதுவும் குறிஞ்சிதான். அதற்கு உரை எழுதுவாரைத்தான் காணோம்.

தையிலே நுவரெலியாப் பள்ளங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. வெப்பமானியைக் கேட்டால் அதுவே கடுங்குளிர் என்று சொல்லும். ஆயினும் லயத்தில் வாழ்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள். கூதிரே கொடிது என்பார். தைக்குளிர் காய்ந்த குளிர். விடிந்தால் வெயில் வரும், துணி காயும். கூதிர்க் குளிரோ நனைந்த குளிர். ஆடை நமக்குச் சூடு தருவதில்லை. உடலின் சூடு வெளியேறாமல் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. அந்தக் காற்றின் இடத்தில் நீர் புகுந்துவிட்டால், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக அது சூட்டைக் கடத்திவிடும். ஆகையால் ஒரு தடித்த ஆடையைவிட மெல்லியனவாக மூன்று நான்கு ஆடைகள் ஒன்றன்மேலொன்றாய் இருப்பது நன்று. இந்த நூலறிவு எனக்குப் பின்னாளில் வந்தது. என் தாயாருக்கோ எந்நூலும் படியாமலே அது தெரிந்திருந்தது.

அம்மா பிரட்டுக்குப் புறப்படும் கோலத்தை இன்றும் என்னால் அடுக்கடுக்காகச் சொல்ல முடியும். சேலைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை. அதன்மேல் முழங்கை தேய்ந்த சுவெட்டர். இடுப்பிலே படங்கு. தலையிலிருந்து முதுகுவரை கொங்காணி. அக்கொங்காணியின்மேல் கூடைக் கயிறு. இவற்றுள் படங்கைத் தவிர எதுவும் அம்மாவுக்கென்று வாங்கப்பட்டதன்று. ஒன்று அப்பாவினுடையது, ஒன்று பெரியம்மா தந்தது, ஒன்று யாரோ விட்டுச்சென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரத்தார் உள்ளே கிழிந்ததையும் வெளியே நல்லதையும் அணிவர். பார்ப்பவர் கண்ணுக்கு வெளிப்புறந்தானே தெரியும்! தோட்டத்து மரபு இதற்கு நேர்மாறு. தேயிலைச் செடியின் மிலாறு வெளியாடையைக் கிழிக்கும், கறை பற்றும், மழை ஊறும். எனவே கெட்டது வெளியே, நல்லது உள்ளே. இருப்பனவற்றுள் மிக நைந்ததைத்தான் ஊரார் காண்பர். அதற்குள் என்ன இருக்கிறது என்பது உடுத்தவருக்கு மட்டுமே தெரியும்.

பண்டிதன் என்ற முறையில் சொல்லாராய்ச்சியும் சிறிது செய்யாவிடில் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். சட்டைக்கு மெய்ப்பை என்றொரு பழஞ்சொல் முல்லைப்பாட்டில் உண்டு; அதனை அணிந்து நிற்பவர் பாசறை காக்கும் யவனர். கோட்டும் வெள்ளைக்காரரோடு நமக்கு வந்ததே. பழைய ஆடையை ஒருவர்க்கு ஈவது இழிவென்று எண்ணுவார்க்கு வேறொன்று சொல்வேன். குளிரில் நடுங்கியது என்று மயிலுக்குப் போர்வை தந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் வைத்துப் போற்றுகிறோம். அவன் புதிது வாங்கிக் கொடுத்தான் என்று எந்தப் புலவரும் பாடவில்லை. தன் மேனியிற் கிடந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தான்.

எங்கள் முன்னோர் சேலம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய வெயில் மண்ணிலிருந்து வந்தவர்கள். முதலிற் கோப்பிக்காக வந்தார்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பின்னர் நோயாற் கோப்பி அழிய, தேயிலை மலைமேல் ஏறிற்று. உயரம் கூடக் கூட மணம் கூடும். மணம் கூடினால் விலை கூடும். செடி ஏறிய இடமெல்லாம் அதைக் கிள்ளும் விரல்களும் ஏற வேண்டியதாயிற்று. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறையும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியா, கொழும்பைவிடப் பன்னிரண்டு பாகை குளிர்ந்திருப்பது இதனாலேயே. ஒற்றை வேட்டியோடு வந்தவர்களுக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது. கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. போர்த்திய கம்பளியே கடனாக இருந்தது.

எங்கள் வீட்டுக் கோட்டு அப்படி வந்ததன்று. அது ஒரு பிரிவிலே வந்தது.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரு நாட்டுத் தலைவர்களும் மக்களைப் பங்கிட்டார்கள். 1970களில் லயம் லயமாகக் குடும்பங்கள் புறப்பட்டன. ஹட்டன் புகையிரத நிலையத்தில் கோச்சியின் ஒலியை மீறி அழுகையொலி கேட்கும். தலைமன்னார் சென்று அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போகவேண்டும். 1977இல் எங்கள் அடுத்த காம்பரா மாமாவும் அவ்வாறு புறப்பட்டார். அப்போது எனக்கு எட்டு வயது. கோச்சி அசையும்போது மாமா தம் மேலிருந்த கபிலநிறக் கோட்டைக் கழற்றி, சாளரத்தின் வழியாக அப்பாவின் கையில் திணித்தார்.

“வச்சுக்க மச்சான். அங்க வெயிலுதானே, எனக்கு எதுக்கு?”

அக்கோட்டு அவருக்கும் எங்கிருந்தோ வந்ததுதான். உட்கழுத்திலே லண்டன் தையற்காரர் ஒருவரின் பெயர் நூலால் நெய்யப்பட்டிருந்தது. எந்தத் துரையின் முதுகிலிருந்து எத்தனை முதுகு தாண்டி அது மாமாவிடம் வந்ததோ!

ஓராண்டு கழித்து மாமாவின் கடிதம் வந்தது. அனுப்பிய இடம் கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டங்களை ஏற்படுத்தியிருந்தது. “இங்கேயும் தேயிலைதான் மச்சான், இங்கேயும் குளிருதான்” என்று எழுதியிருந்தார். கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா அன்று முழுவதும் கோட்டைத் தொடவில்லை. மறுநாள் மழை; அணிந்துகொண்டு வேலைக்குப் போனார். நான் ஏழாம் வகுப்பு ஏறியபோது அது எனக்கு வந்தது. கைகளை இரண்டு மடிப்பு மடித்து அணிந்தேன். மார்கழியில் அதனுள் நானும் தம்பியும் சேர்ந்தே நடந்ததுண்டு.

இவ்வளவும் அனுபவித்தவன் இதனை மறப்பானா என்று நீங்கள் கேட்கலாம். மறந்தேன். அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

1994ஆம் ஆண்டு. கல்லூரிப் படிப்பு முடித்து, நியமனம் பெற்று, தோட்டப் பாடசாலையொன்றிற் சேர்ந்த புதிது. வெள்ளை வேட்டி, வெள்ளை மேற்சட்டை, நாவிலே நன்னூல். ஒழுங்கே கல்வியின் முதற்படி என்பது அந்நாளில் என் கொள்கை. ஐப்பசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டத்திலே பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் முழங்கால்வரை தொங்கும் பழங்கோட்டோடு நின்றான். ஒரு பொத்தானும் இல்லை. இடுப்பிலே கயிற்றால் கட்டியிருந்தான்.

“சீருடை எங்கே? கழற்று” என்றேன்.

கயிற்றை அவிழ்த்துக் கோட்டைக் கழற்றினான். உள்ளே பெண்பிள்ளை அணியும் ரோஜா நிறச் சுவெட்டர். பிள்ளைகள் சிரித்தார்கள். “அதையும்” என்றேன். அதற்குள்ளே தோள் கிழிந்த ஆண்சட்டை. சிரிப்பு பெரிதாயிற்று. “அதையும்.” கழற்றினான். எல்லாவற்றுக்கும் உள்ளே, உடம்போடு ஒட்டி, வெள்ளைச் சீருடைச் சட்டை இருந்தது. ஒரு கறை இல்லை. காலர் நேராக மடிக்கப்பட்டிருந்தது. கழற்றிய மூன்றையும் அவன் மடித்துக் காலடியில் வைத்தான்.

“இதை வெளியே தெரியப் போட்டால் என்ன?” என்று கேட்டேன். அவன் பேசவில்லை. கூட்டம் முடியும்வரை அப்படியே நின்றான். அவன் முதுகிலே சட்டை ஒட்டியிருந்ததைக் கண்டேன். அதன் பொருள் என் அறிவில் எட்டவில்லை.

செவ்வாயும் புதனும் அவன் வரவில்லை. வியாழன் காலை அவன் தாய் வந்தார். மலைக்குப் போகும் கோலம். கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்றார்.

“காய்ச்சலுங்க சேர். அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ஒரே சட்டைதானுங்க. ராத்திரி தொவைச்சு அடுப்புக்கு மேல போட்டேன். வெறகு நனைஞ்சுபோச்சு, காயலைங்க. உள்ள போட்டு மேல எல்லாத்தையும் போட்டு விட்டா, உடம்புச் சூட்டுல காய்ஞ்சிரும்னுதான்…”

குற்றஞ்சாட்டும் குரலன்று. தாம் ஏதோ பிழை செய்ததாகவே எண்ணி விளக்கம் சொன்னார். கவ்வாத்து மிலாறு நனைந்தால் எரியாது, புகையும் என்பதை எனக்கா சொல்லவேண்டும்? ஈரச் சட்டையைக் கோட்டுக்குள் வைத்துக் காய்ச்சிக்கொண்டு நான் எத்தனை நாள் பள்ளிக்குப் போயிருக்கிறேன்! நல்லது உள்ளே, கெட்டது வெளியே என்று என் தாய் காட்டிய அதே அடுக்குத்தான் அன்று என் கண்முன்னே ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தது. நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு அதை வாசிக்கவொட்டாமல் செய்துவிட்டது. கல்லூரியைக் குறை சொல்வதும் நேர்மையன்று. மறக்கவேண்டும் என்று நானே விரும்பியிருந்தேன்.

அந்தத் தாயிடம் நான் என்ன சொன்னேன்? “பரவாயில்லை, சுகமானதும் அனுப்புங்கள்” என்றேன். அதைத்தான் சொன்னேன். மன்னியுங்கள் என்ற சொல் வாயில் வரவில்லை. ஒரு கிழமை கழித்துப் பையன் வந்தான். கோட்டோடுதான் வந்தான், வாசலிலேயே கழற்றப் போனான். வேண்டாம் என்று கையால் தடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தீபாவளியும் இக்கூதிரில்தான் வருகிறது. தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். பிறகு மாதம் மாதம் கழிப்பார்கள். ஆண்டுக்கொரு புத்தாடை அதிலேதான். அன்று காலை எங்கள் பக்கத்துச் சிறுமியரைப் பார்க்க வேண்டும். பட்டுப்பாவாடைக்கு மேலே தந்தையின் கோட்டு. குளிர் பொறுக்க முடியாது, புதுத்துணியை மறைக்கவும் மனம் வராது. கோட்டின் முன்புறத்தை இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டே வீடு வீடாகப் பலகாரம் கொண்டுபோவார்கள்.

இப்போது பழைய உடுப்புக்கு அலைய வேண்டியதில்லை. நுவரெலியா நகரிலே பேல் பஜார் இருக்கிறது. ‘பேல்’ என்றால் மூட்டை. மூட்டைக்கணக்கில் வந்த ஆடைகளை அவிழ்த்துக் குவித்து விற்பதால் அப்பெயர். சுற்றுலா வந்து நடுங்குகிற கொழும்பு மக்களும் அங்கேதான் பேரம் பேசுகிறார்கள். சென்ற மாதம் நானும் ஒரு கோட்டு வாங்கினேன். இல்லாள் கையைக் குறுக்கித் தந்தாள். உட்பையில் யாரோ ஓர் அந்நியரின் பேருந்துச் சீட்டு, எம்மொழி என்று அறியமுடியாத எழுத்தோடு, மடிந்து கிடந்தது. எறிய மனமின்றி அதிலேயே வைத்திருக்கிறேன்.

என் வகுப்பறையின் பின்சுவரில், ஜன்னலுக்கு எட்டத்தில், மரச்சட்டம் ஒன்று பொருத்திப் பன்னிரண்டு ஆணிகள் அடித்திருக்கிறேன். ஐப்பசி முதல் மாசிவரை கோட்டுகள் அங்கே தொங்கும். எப்போது கழற்றுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். பெரும்பாலும் இரண்டாம் பாடவேளைக்குள் சட்டைகள் காய்ந்துவிடும். இந்தக் கிழமை பன்னிரண்டு ஆணியும் போதவில்லை. சுத்தியல் தேடிக்கொண்டிருக்கிறேன்.