‘நம்பரும்’ ‘பேரும்’: டயகம வழக்குப் பற்றி ஒரு குறிப்பு

ஆங்கிலத்தில் ‘நம்பர்’ என்னும் சொல் எண்ணையும் தொகையையும் மட்டும் சுட்டுவதன்று. சஞ்சிகையின் ஓர் இதழ், மேடையிற் பாடப்படும் ஒரு பாட்டு, இலக்கணத்தில் ஒருமை பன்மை என்னும் பாகுபாடு ஆகியனவும் அதன் பொருள்களே. தமிழின் ‘எண்’ணோ வேறு திசையிற் சென்று, கணக்கையும் நினைத்தலையும் ஒருங்கே குறிக்கலாயிற்று.

டயகம முதலான மலையகத் தோட்டங்களில் ‘நம்பர்’ நிர்வாகத்தின் சொல்லாகவே புகுந்தது. தேயிலைப் பரப்பு ‘ஐந்தாம் நம்பர் மலை’ என்றவாறு வழங்கும். நிலத்துக்கு நம்பர், உழைப்புக்குப் ‘பேர்’. ‘பத்துப் பேர்’ என்னும் பொதுவழக்கிற் பேர் முழு மனிதரையே எண்ணும். அதைப் பின்னமாக்க இயலாது. தோட்டத்திலோ ஒரு நாள் வேலையைச் செக்றோலிற் பதிதல் ‘பேர் போடுதல்’. நிர்ணயித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’. நாட்கூலி முறையே இச்சொல்லைப் பாதியாக வகுத்தது என்பது நமது கருத்து. அகராதிக்காரர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

செக்றோலில் நாள்தோறும் எண்ணப்பட்ட இம்மக்களிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடிமக்களாக எண்ணப்படாதாயினர். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 எனக் கணக்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974 இல் சரிபாதியாக வகுத்துக்கொண்டன. தோட்டக் கணக்கப்பிள்ளைக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றியிராது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.