பல்சக்கரங்களில் சுழன்ற பூமி

மனிதர் விண்ணுக்குப் போகத் தொடங்கிய காலத்துக் கருவிகளைச் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவது சோவியத் கலங்களின் ‘குளோபஸ்’. ஒளிபுகும் மூடிக்கு அடியில் ஒரு சிறு பூமி உருண்டை. மூடியின் நடுவில் அசையாத சிலுவைக் குறி. உருண்டை சுழலச் சுழல, கலம் எந்த ஊருக்கு மேலே பறக்கிறதோ அந்த ஊர் குறிக்கு அடியில் வரும். 1961இல் யூரி ககாரின் சென்ற வஸ்தோக் கலத்தில் இதன் முந்தைய வடிவம் இருந்தது. விண்ணுக்குப் போய்வந்த கருவிக்குத்தான் சந்தையில் மவுசு. ஆனால் போகாத கருவியும் அதற்குக் குறைந்ததல்ல என்பேன். பயணக் கணக்கு முழுவதும் அதன் உலோகத்திலேயே இருக்கிறது.

பின்பக்க மூடியைக் கழற்றினால் இது தெரியும். மின்னணுச் சில்லு எதுவும் கணக்குப் போடுவதில்லை. நொடிக்கொரு மின்துடிப்பு வந்து பல்சக்கரங்களைச் சிறிதளவு நகர்த்துகிறது. கலம் பூமியைச் சுற்றிவர ஏறத்தாழ 92 நிமிடம். அதற்குள் பூமி தன் அச்சில் சுமார் 23 பாகை திரும்பிவிடும். இந்த இரண்டு அசைவும் ஒரே உருண்டையில் சேர வேண்டும். சுற்றும் நேரத்தைக் குமிழ் திருகி மாற்றலாம். சோயுஸ் கலத்துக்கான கருவியில் பாதையின் சாய்வான 51.8 பாகையை மட்டும் மாற்ற முடியாது. அது அச்சின் சாய்வாகவே வார்க்கப்பட்டுவிட்டது. அட்சரேகையைக் கணக்கிடுவது கோணல்மாணலாகக் கடைந்த ஓர் உலோகத் துண்டு. அதன் விளிம்பைத் தொட்டு நகரும் ஊசிதான் விடையைச் சொல்கிறது. ஒரு சமன்பாட்டை விரலால் தடவிப் பார்க்கலாம் என்றால் அது இதுதான்.

வெளியே எதையும் பார்க்காமல் சுழலும் கருவியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடக்க எண்களைத் தப்பாக வைத்தால் காட்டுவதும் தப்பாகவே இருக்கும். அமெரிக்கர்களும் மெர்க்குரி கலத்தில் இப்படியோர் உருண்டையை வைத்துவிட்டுப் பின்னர் நீக்கினார்கள். ஆனால் தரையிலிருந்து வரும் எண்களைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்ள முடிந்தது. தரைத் தொடர்பு இல்லாத நேரத்தில், ‘இப்போதே எஞ்சினை இயக்கினால் எங்கே போய் இறங்குவோம்?’ என்ற கேள்விக்கும் இது பதில் வைத்திருந்தது. விசையை மாற்றினால் மோட்டார் உருண்டையை வேகமாகத் திருப்பும். இறங்கும் இடம் குறிக்கு அடியில் வந்து நிற்கும். கடலா நிலமா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 2002இல் சோயுஸ் டிஎம்ஏ வரும்வரை இது கலத்தில் நீடித்ததற்குப் பழமைப்பற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது.

திறந்தால் விலை குறையும் என்று சேகரிப்பாளர்கள் தயங்குவது புரிகிறது. கவனமின்றிக் கழற்றினால் உண்மையில் கெட்டும்போகும். ஆனால் மூடியே வைத்தால் கண்ணுக்குத் தெரிவது வண்ணம் பூசிய உருண்டை மட்டும்தான்.