பண்ணை மீனின் தீவனமும் ஹலாலும்

மீன் ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பண்ணை மீன் எதைத் தின்று வளர்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நெத்திலி போன்ற சிறு மீன்களை அரைத்த மீன்தூளே அதன் முதன்மைப் புரதமாக இருந்தது. கடல் தருவது ஓரளவே, பண்ணைகளோ பெருகின. எனவே சோயாப் பிண்ணாக்கு புகுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பன்றி, கோழிப் புரதத்தூளையும், 2017இல் பூச்சிப் புரதத்தையும் மீன் தீவனத்தில் அனுமதித்தது.

சோயாவில் சிக்கலில்லை. பன்றிதான் கேள்வி. அசுத்தம் தின்னும் பிராணியான ‘ஜல்லாலா’வை உண்ண நபி (ஸல்) அவர்கள் தடை விதித்தார்கள். இறைச்சியின் வாடையில் மாற்றம் தெரிகிறதா என்பதே ஷாஃபிஈ அறிஞர்களின் அளவுகோல். மலேசிய தேசிய ஃபத்வா சபையோ 2006இல், வேண்டுமென்றே பன்றியிறைச்சி போன்ற நஜீஸைக் கொடுத்து வளர்த்த குளத்து மீன் ஹராம் என்றே தீர்மானித்தது. பேணுதலுக்கு இதுவே ஏற்றது. பொட்டலத்தில் தீவன விவரம் பெரும்பாலும் இராது. வாங்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்.