அண்டை வீட்டாரின் அழைப்பும் நமது அமர்வும்

வல்ல நாயனைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறோம்.



சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்றொரு சாலை உண்டு. அதன் மேற்கு முனைக்கு அருகே கபாலீசுவரர் கோயில் அமைந்துள்ளது. கிழக்கு முனையில் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. இடையில், அதே சாலையில், ஜும்ஆ பள்ளிவாசல் இருக்கிறது. மூன்று சமயத்தாரின் வணக்கத்தலங்களையும் சிறிது நேர நடையில் கடந்துவிடலாம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் வாழ்க்கையும் இந்தச் சாலையைப் போன்றதே. ஒரே அடுக்கு மாடிக் கட்டடத்தில் மேல் வீட்டில் ஓர் ஐயர் குடும்பம், எதிர் வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம், நடுவில் நாம்.

தை பிறந்தால் அழைப்பிதழ்கள் வரத் தொடங்குகின்றன. மேல் வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம், எதிர் வீட்டுப் பிள்ளைக்குத் தேவாலயத்தில் திருமணம், அலுவலக நண்பரின் மகனுக்குப் பூணூல் விழா. அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நம் குடும்பங்களில் எழுகின்ற கேள்விகள் மூன்று. போகலாமா? போனால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? அங்கு நடப்பவற்றில் நாம் எதுவரை இருக்கலாம்?

இக்கேள்விகளுக்கு விடை தெரியாததால் சிலர், ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிப் போகாமலேயே இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ போய், கூச்சத்தின் காரணமாக மற்றவர்கள் செய்வதையெல்லாம் தாமும் செய்துவிட்டு, வீடு திரும்பியபின் மனம் வருந்துகின்றனர். முன்னவர் அண்டை வீட்டாரின் உறவை இழக்கிறார். பின்னவர் மன நிம்மதியை இழக்கிறார். இவ்விரண்டு இழப்பும் நேராத நடுவழியை நமது மார்க்கம் நமக்குக் காட்டியிருக்கிறது.

அண்டை வீட்டாரின் உரிமை

நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசையில், உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் அல்லாஹ் தஆலா சேர்த்தே குறிப்பிடுகிறான் (4:36). மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாமலும், நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாமலும் இருப்போருக்கு நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியோடு நடப்பதையும் அவன் தடுக்கவில்லை என்று 60ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தெளிவாக அறிவிக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு வலியுறுத்தினார்கள் என்ற நபிமொழியை அதற்கு ஆதாரமாகவும் கூறினார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. ஒரு யூதர் எளிய உணவுக்கு அழைத்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்த அழைப்பை ஏற்றதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். எனவே பிற சமயத்தார் அழைத்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் அழைப்பை ஒதுக்கிவிடுவது நபிவழியன்று.

மதீனா பள்ளிவாசலில் நடந்தது

நஜ்ரான் பகுதியிலிருந்து கிறித்தவர்களின் தூதுக்குழு ஒன்று, ஏறத்தாழ அறுபது பேராக, மதீனாவுக்கு வந்தது. அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் இருந்தபோது அவர்களுடைய வழிபாட்டு நேரம் வந்துவிட்டது. அவர்கள் எழுந்து கிழக்கு நோக்கி நின்றார்கள். அவர்களை விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கூறியதாக, ஸீரா நூலாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்! விருந்தினரின் வழிபாட்டை எவரும் இடைமறிக்கவில்லை, கேலி பேசவுமில்லை. அதே வேளையில், அவர்களோடு சேர்ந்து கிழக்கு நோக்கி நின்று வழிபடவும் நம்மவர்களுக்குக் கூறப்படவில்லை. அதன்பின் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய விவாதம் தெளிவாகவும் உறுதியாகவும் நடந்தது. கொள்கையில் உறுதி, நடத்தையில் கண்ணியம் ஆகிய இரண்டும் அந்த ஒரே பள்ளிவாசலில் ஒன்றாக இருந்தன. ஒருவருடைய வழிபாட்டின்போது அமைதி காப்பது வேறு, அந்த வழிபாட்டில் பங்கேற்பது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டவருக்கு எந்தச் சபையிலும் தடுமாற்றம் இல்லை.

அங்கு என்ன நடக்கிறது?

தெரியாத ஒன்றின் முன் அமர்ந்திருப்பதே நேரத்தை நீளச் செய்கிறது. ஆகவே அங்கு நடப்பதைச் சிறிதளவு அறிந்து செல்வது நல்லது.

மயிலாப்பூரில் நடக்கும் பிராமணத் திருமணம் அதிகாலையில் தொடங்கி நண்பகல் வரை நீளக்கூடியது. காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், தாலி கட்டுதல், அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கும் சப்தபதி என்று அது வரிசையாகச் செல்லும். மந்திரங்கள் சமஸ்கிருதத்தில் ஓதப்படுகின்றன. அந்நேரம் முழுவதும் விருந்தினர் வாய் மூடி மேடையையே நோக்கியிருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. வருவோர் வருவர், சிற்றுண்டிக்குச் செல்வோர் செல்வர், உறவினர்கள் பேசிக்கொண்டிருப்பர். அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருக்கும் முகூர்த்த நேரமே முக்கியமானது. நாதசுரமும் தவிலும் திடீரென ஓங்கி ஒலிக்கும் கெட்டிமேளம் கேட்டால், தாலி கட்டப்படுகிறது என்று பொருள். விருந்தினர் அட்சதை தூவுவதும் அப்போதுதான். அதன்பின் வாழ்த்துச் சொல்லி, இலையில் அமர்ந்து உண்டு, விடைபெறலாம். மாலை வரவேற்புக்கு மட்டும் செல்வோரும் ஏராளம்.

சாந்தோமிலோ பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலோ நடக்கும் கத்தோலிக்கத் திருமணம் வேறு வகையானது. அது திருப்பலியோடு சேர்ந்து நடந்தால் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். வாசகங்கள், குருவானவரின் மறையுரை, மணமக்களின் வாக்குறுதி, பிறகு நற்கருணை என்று அது அமையும். அங்கு அமைதி கட்டாயம். மக்கள் எழுவதும் அமர்வதும் மண்டியிடுவதும் மாறி மாறி வரும். பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பிற சமயத்தாரை எவரும் குறை கூறுவதில்லை. நற்கருணையைப் பொறுத்தவரை, அது தம் சபையைச் சேர்ந்தவர்களுக்கே உரியது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. ஆகவே நாம் எழுந்து போகாமல் இருப்பது அவர்களுக்கு அவமதிப்பாகாது. அவர்களுடைய விதியும் அதுவே!

நமது எல்லைகள்

சடங்கு நடக்கும் வேளையிலேயே அங்கு அமர்ந்திருக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழிபாட்டு வேளையைத் தவிர்த்து, வரவேற்புக்கோ விருந்துக்கோ செல்வதே பேணுதலானது என்று பலர் கூறுகின்றனர். உருவங்கள் இருப்பதால் அவர்களுடைய ஆலயங்களில் நாம் நுைழவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதையும், உருவங்கள் இல்லாத ஆலயங்களில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுததையும் இமாம் புகாரி அவர்கள் ஒரே பாடத்தின் தலைப்பில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். ஸஹாபாக்கள் இதில் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தார்கள் என்பதை இது காட்டுகிறது. உங்கள் மஹல்லாவின் ஹஜ்ரத் அவர்களிடம் உங்கள் சூழலை எடுத்துச் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும் சில எல்லைகள் எல்லோருக்கும் பொதுவானவை. வணக்கமாகக் கருதப்படும் செயல் எதையும் நாம் செய்வதில்லை. தெய்வங்களுக்குப் படைக்கப்பட்ட பிரசாதத்தை உண்பதில்லை. திலகம் இட்டுக்கொள்வதில்லை, ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதில்லை. ஹலால் அல்லாத இறைச்சியை உண்பதில்லை. மது பரிமாறப்படும் விருந்தில் அமர்வதில்லை. பிராமணத் திருமணத்தின் வாழையிலைச் சாப்பாடு முழுக்கச் சைவமாதலால், இறைச்சி பற்றிய கவலை அங்கு இல்லை.

மறுப்பதிலும் ஓர் அழகு வேண்டும். அட்சதைத் தட்டு நம்மிடம் வந்தால், அதை அடுத்தவருக்குப் புன்னகையோடு நகர்த்திவிடலாம். குங்குமச் சிமிழ் நீட்டப்பட்டால் வலக்கையை நெஞ்சில் வைத்து, எங்களுக்கு வழக்கமில்லை என்று மெல்லச் சொன்னால் போதும். இதைவிடச் சிறந்தது, அழைக்க வந்த அன்றே நம் நிலையைச் சொல்லிவிடுவது. “கட்டாயம் வருகிறோம் மாமி! பூசை சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் நாங்கள் சேர்ந்துகொள்வதில்லை, தப்பாக நினைக்காதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மண்டபத்தில் எவருக்கும் சங்கடம் நேராது.

அமரும் ஒழுக்கம்

அமைதியாக அமர்வது நமக்குப் புதிதன்று. ஜும்ஆ குத்பாவின்போது பக்கத்தில் இருப்பவரிடம், வாய் மூடு என்று சொல்வதுகூட வீண் பேச்சு என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வாரந்தோறும் இப்பயிற்சியைப் பெறுகின்ற நாம், பிறர் சபையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டும் கிசுகிசுத்துக்கொண்டும் இருப்பது பொருந்துமா?

அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்பது இறைக்கட்டளை (6:108). ஹோமப் புகையைப் பார்த்து முகம் சுளிப்பதும், மந்திரத்தைக் கேட்டுச் சிரிப்பதும், வீடு திரும்பியபின் பிள்ளைகள் முன் அவற்றை நடித்துக் காட்டுவதும் இக்கட்டளைக்கு எதிரானவையே. பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன், அங்கு என்ன நடக்கும், நாம் எதைச் செய்ய மாட்டோம், ஏன் செய்ய மாட்டோம் என்பதை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். தவ்ஹீதையும் மரியாதையையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அதுதான்.

தொழுகை நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாலையில் தொடங்கும் தேவாலயத் திருமணமாயின், அஸரைத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, மஃக்ரிபுக்கு அருகிலுள்ள பள்ளிவாசல் எது என்பதை முன்பே அறிந்து, ஓரத்து இருக்கையில் அமருங்கள். முகூர்த்தம் வெள்ளிக்கிழமையில் அமைந்தால், ஜும்ஆவுக்கு முன் புறப்பட வேண்டும் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நம் தொழுகையை மதிக்கும் அண்டை வீட்டார் இந்நகரில் நிறையவே இருக்கிறார்கள்.

விருந்து முடிந்தபின் பேச்சில் இலயித்துத் தங்கிவிடுவதும் முறையன்று. ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் சிலர் உணவுக்குப் பின்னும் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். அவர்களை எழுந்து போகச் சொல்ல நபி (ஸல்) அவர்கள் வெட்கப்பட்டார்கள். அப்போதுதான், உண்டபின் கலைந்து செல்லுமாறு 33:53 வசனம் இறங்கியது. விருந்தினர் அமர்வதும் எழுவதும் வீட்டாருக்கு இலேசாக இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் வீட்டு நிகாஹ்

இனி, நம் பக்கத்தையும் பார்ப்போம். நிகாஹ் மிக எளிதானது. குத்பா, வலியும் இரு சாட்சிகளும், மஹர், ஈஜாப் கபூல், துஆ என எல்லாம் கால் மணி நேரத்தில் நிறைவுபெறக் கூடியவை. ஆனால் நமது மண்டபங்களில் நடப்பதென்ன? ஒருவர் பின் ஒருவராக வாழ்த்துரை, அதன்பின் நீண்ட பயான், பிரமுகர் வரவுக்காகக் காத்திருப்பு. மேல் வீட்டு ஐயரும் எதிர் வீட்டு ஆசிரியையும் ஒன்றும் விளங்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் பொறுமைக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன?

முஆத் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷா தொழுவித்தபோது 286 வசனங்கள் கொண்ட அல்பகராவை ஓதத் தொடங்கினார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் விலகித் தனியே தொழுதுகொண்டார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, மக்களைச் சோதனைக்குள்ளாக்குகிறீரா என்று முஆத் (ரலி) அவர்களையே கடிந்து, 15 வசனங்களே உள்ள வஷ்ஷம்ஸு போன்ற சூராக்களை ஓதும்படி கூறினார்கள். குத்பாவைச் சுருக்குவது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்ற நபிமொழி முஸ்லிமில் உள்ளது. மக்கள் சலிப்படைவதை அஞ்சி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டுமே உபதேசம் செய்தார்கள். பள்ளிவாசலிலேயே இப்படியென்றால், பிற சமயத்தார் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆகவே நிகாஹ் மேடையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இங்கே என்ன நடக்கிறது, மஹர் என்றால் என்ன, பெண்ணின் சம்மதம் ஏன் கேட்கப்படுகிறது என்பதைத் தூய தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விருந்தினர் அருகில் நம்மில் ஒருவர் அமர்ந்து துணையிருக்கட்டும். சைவ உணவு உண்போருக்குத் தனிப் பந்தி இருக்கட்டும்.

திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலை நாம் அறிவோம். 1947 பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்பவர் தொடங்கிய மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையினர், பல பத்தாண்டுகளாக ரமளானில் அங்கு இஃப்தார் உணவு கொண்டுவந்து பரிமாறி வருகின்றனர். பள்ளிவாசலின் கண்ணியம் கருதித் தலையில் தொப்பி அணிந்து, நோன்பாளிகளுக்குக் குனிந்து உணவு வைக்கிறார்கள். அவர்கள் நம்மோடு தொழுவதில்லை. தொழுமாறு நாமும் வற்புறுத்துவதில்லை. இதனால் அவர்கள் மாறிவிடவுமில்லை, நாம் மாறிவிடவுமில்லை. எனினும் நம் உள்ளத்தில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டாகிவிட்டது. அத்தகைய இடத்தை நம் அண்டை வீட்டாரின் உள்ளத்தில் நாம் பெற்றிருக்கிறோமா?

அடுத்த அழைப்பிதழ் வரும்போது இக்கேள்வியை நினைவில் கொள்ளுங்கள். ஈமானோடு சென்று, கண்ணியத்தோடு அமர்ந்து, வாழ்த்தோடு விடைபெறுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவோராகவும், மார்க்கத்தின் எல்லையைக் காப்போராகவும் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.