வீட்டுக்குள் ஒரு கதிரியக்க வாயு: அளப்பது யார் பொறுப்பு?

புதுதில்லி: குளிர்காலம் வந்தால் தலைநகரின் காற்று மாசு நாடாளுமன்றத்திலும் எதிரொலிக்கிறது. வாகனப் புகை, பயிர்க்கழிவு எரிப்பு, கட்டுமானத் தூசி என விவாதம் நீள்கிறது. ஆனால், வெளிக்காற்றுக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொள்ளும் மக்கள் வீட்டுக்குள் எதைச் சுவாசிக்கின்றனர் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

அக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று ரேடான். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயு இது. நிறமும் மணமும் அற்றது. திறந்தவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். தரை விரிசல்கள், குழாய் நுழையும் இடைவெளிகள் வழியே வீட்டுக்குள் புகுந்தாலோ, தேங்கிவிடும். அது சிதையும்போது தோன்றும் பொலோனியம் அணுக்கள் நுரையீரலில் படிந்து ஆல்ஃபா கதிர்களை உமிழ்கின்றன.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-இல் ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இது நாட்டுக்கு நாடு மாறுபடும். புகைபிடிப்போருக்கு ஆபத்து பன்மடங்கு அதிகம். வீடுகளில் கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்பதே ஏற்ற வரையறை என்றும், இயலாத நாடுகளிலும் அது 300-ஐத் தாண்டக் கூடாது என்றும் அந்நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது.

அதே 2009-இல் இந்தியா அறிவித்த தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தர நிர்ணயத்தில் 12 மாசுகள் இடம்பெற்றன. ரேடான் அவற்றில் இல்லை. அது வெளிக்காற்றுக்கான பட்டியல். வீட்டுக் காற்று அதன் எல்லைக்குள் வரவில்லை.

ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையமும், அமிருதசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாக வீடுகளில் ரேடானை அளந்து வந்துள்ளன. காற்றோட்டம் மிகுந்த இந்திய வீடுகளில் பெரும்பாலும் அளவு குறைவே. இமயமலைப் பகுதிகளில் நிலைமை வேறு. குளிரில் அடைபட்ட வீட்டின் வெப்பக் காற்று மேலெழும்ப, மண்ணிலுள்ள வாயு தரை வழியே உறிஞ்சப்படுகிறது. கேரளத்தின் சவரா, தமிழகத்தின் மணவாளக்குறிச்சி கடலோரங்களில் மோனசைட் மணலிலுள்ள தோரியத்திலிருந்து ரேடானின் மற்றொரு வடிவமான தோரான் வெளிப்படுகிறது.

ஆயினும், சராசரிக் கணக்கு ஒரு குடும்பத்துக்கு உதவாது. அடுத்தடுத்த இரு வீடுகளிலேயே அளவு பெரிதும் வேறுபடலாம். அளந்து பார்ப்பது ஒன்றே வழி. சிறப்புப் படலம் பொருத்திய சிறு குப்பியைச் சுமார் மூன்று மாதம் அறையில் வைத்து, அதில் ஆல்ஃபா துகள்கள் பதித்த தடங்களை ஆய்வகத்தில் எண்ணுகின்றனர். இதற்கு மின்சாரம் தேவையில்லை. அளவு மிகுந்திருந்தால் விரிசல்களை அடைத்தல், காற்றோட்டத்தைக் கூட்டுதல், தரைக்கு அடியில் குழாயும் விசிறியும் பொருத்தி வாயுவை வெளியேற்றுதல் ஆகியவை பலன் தரும்.

கதிரியக்கம் அணுசக்தித் துறையைச் சார்ந்தது. புற்றுநோய் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. காற்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உரியது. வீடு கட்டும் திட்டங்கள் வேறு அமைச்சகங்களின் கையில். நான்கு வாசல்களுக்கு இடையே குடிமகன் நிற்கிறான். அரசு உதவியில் எழும் வீடுகளில், குறைந்தபட்சம் மலை மாவட்டங்களிலாவது, இச்சோதனையை யார் மேற்கொள்வது என்ற கேள்வியை உறுப்பினர்கள் அவையில் எழுப்பினால், ஆய்வேடுகளில் உறங்கும் எண்கள் மக்களின் வீட்டு வாசலை எட்டக்கூடும்.