உங்களுக்குத் தெரியுமா? இளைத்துப்போன மலாக்கா வெள்ளி

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூருக்கென்று தனியாக ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் 1903இல்தான் வந்தது. அதுவரை பெரும்பாலும் மெக்சிகோ வெள்ளியும் பிரிட்டிஷ் வணிக வெள்ளியும் கைமாறின. ஏழாம் எட்வர்ட் தலை பொறித்த புதுக்காசை அடித்தது பம்பாய் நாணயச்சாலை. ‘பி’ என்ற சின்ன எழுத்தே அதற்குச் சாட்சி. மறுபக்கத்தில் சீனமும் ஜாவி எழுத்தில் மலாயும் உண்டு, தமிழ் இல்லை.

எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு அசல் வெள்ளி. வெள்ளி விலை ஏறியதும் உருக்கி விற்றுவிடுவார்கள் என்ற பயம் வந்தது. 1907இல் எடை 20.21 கிராமானது. 1919இல் 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி! முகமதிப்பு மட்டும் மாறவே இல்லை.

பாட்டி பெட்டியில் ஒன்று கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்ததும், பதக்கமாக்க வளையம் பற்றவைத்ததும் நாணயத் தரமதிப்பீட்டாளர் கண்ணில் உடனே படும். 70 புள்ளி அளவுகோலில் அத்தகைய காசுக்கு எண்ணே தரமாட்டார்கள், ‘பழுது’ என்று எழுதிவிடுவார்கள். கறுத்த காசுக்கே மதிப்பு.

தரமதிப்பிட்ட காசை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் இன்று சேகரிப்பாளர்கள் உண்டு. அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனமான பிசிஜிஎஸ் 1986இல் தந்த முதல் பெட்டிகளில் காசு தளர்ந்து கலகலக்கும். இன்னொரு நிறுவனமான என்ஜிசி 1987இல் வெளியிட்ட கறுப்புப் பெட்டியோ அரிது. சிலசமயம் உள்ளே இருக்கும் காசைவிட அதற்கே விலை அதிகம்.