பின்னாசனத்தில் ஒரு தரம் அமர்ந்து பாருங்கள்

வீட்டுக்குக் கார் ஒன்று வாங்குவதென்ற பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஆண்களுக்கிடையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. லீற்றருக்கு எத்தனை கிலோ மீற்றர் ஓடும், திருப்பி விற்றால் என்ன விலைக்குப் போகும், உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்குமா என்றெல்லாம் அலசுவார்கள். வீட்டுப் பெண்களிடம் கேட்கப்படுவது நிறம் மட்டும்தான். ஆனால் அந்தக் காரின் பின்னாசனத்தில் பிள்ளைகளோடும் முதிய மாமியோடும் கொழும்பிலிருந்து கல்முனை வரை குலுங்கிக் கொண்டு போகப் போகிறவர் யார்? சகோதரிகளே, நீங்கள்தான். ஆகவே நிறத்தைச் சொல்வதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் காரின் சஸ்பென்ஷன் எந்த வகை?"

ஒரே பெயர், ஒரே வருடம், ஒரே எஞ்சின் உள்ள இரண்டு கார்கள் இருக்கும். ஒன்று குழியில் இறங்கி ஏறியதே தெரியாமல் போகும். மற்றையது வீதியிலுள்ள ஒவ்வொரு கல்லையும் உங்கள் இடுப்புக்கு எடுத்துச் சொல்லும். முதலாவது சொகுசுக்காக அமைக்கப்பட்டது. இரண்டாவது ஸ்போர்ட் என்ற வகை, வேகமாக வளைவுகளில் திரும்புவோரின் விருப்பத்திற்காக இறுக்கி அமைக்கப்பட்டது.

சஸ்பென்ஷன் என்பது சக்கரத்துக்கும் காரின் உடம்புக்கும் இடையிலுள்ள ஏற்பாடு. அதில் முதலாவது ஸ்பிரிங். நம் வீடுகளில் குழந்தையைத் தூங்க வைக்கும் ஸ்பிரிங் தொட்டிலை நினைத்துப் பாருங்கள். ஒரு தடவை இழுத்து விட்டால் அது தானாகவே மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு அது சுகம். காரோ அப்படி ஆடிக்கொண்டே போனால் சக்கரம் வீதியில் ஒழுங்காகப் பதியாது. அந்த ஆட்டத்தை அடக்கவே ஷொக் அப்சோபர் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தை நம் சகோதரிகள் எவரையும் விட நன்றாக விளங்கிக் கொள்வார்கள். இடியப்ப உரலில் மாவை இட்டு அழுத்துகிறீர்கள் அல்லவா? துளை சிறிதானால் கை வலிக்கும். துளை பெரிதானால் மாவு இலகுவாக இறங்கும். ஷொக் அப்சோபருக்குள்ளும் இதுவே நடக்கிறது. எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய், அதனுள்ளே சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் மேலே எழும்பும்போது எண்ணெய் அத்துளைகளினூடாக நெருக்கிச் செல்ல வேண்டியிருப்பதால் ஆட்டம் அடங்குகிறது. சொகுசு வகையில் எண்ணெய்க்கு வழி தாராளம். ஸ்போர்ட் வகையில் வழி நெருக்கம், ஸ்பிரிங்கும் தடிப்பானது. இவற்றோடு இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, வளைவில் கார் ஒரு பக்கம் சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி ஒன்றும் உண்டு. ஸ்போர்ட் வகையில் அதையும் பெரும்பாலும் தடிப்பாக்கி விடுவார்கள். காரின் உடம்பும் வழமையை விட 10 முதல் 30 மில்லி மீற்றர் வரை தாழ்ந்திருக்கும்.

இதை வெறும் சொகுசுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் நடக்கும்போது நம் உடல் செக்கனுக்கு ஒன்று முதல் இரண்டு தடவை வரை ஏறி இறங்குகிறது. பிறந்து நடை பழகிய நாள் முதல் உடலுக்குப் பழகிய அசைவு இது. சொகுசுக் காரின் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் அசையும்படி அமைக்கப்படுகிறது. செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையிலான அதிர்வே உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பை அதிகம் வருத்துவது. இறுக்கமான சஸ்பென்ஷன், வீதியிலுள்ள ஒட்டுகளிலிருந்தும் சிறு குழிகளிலிருந்தும் எழும் இத்தகைய அதிர்வைக் கூடுதலாக உள்ளே விடுகிறது. முதுகு வலியுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அத்தகைய காரிலிருந்து இறங்கும்போது களைத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மென்மை கூடக்கூட நல்லதா? அதுவுமில்லை. ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை என்றவாறு மெதுவாக ஆடும் ஆட்டமே வயிற்றைப் புரட்டுகிறது. கடலில் படகுப் பயணம் வாந்தியை உண்டாக்குவதும் இதனால்தான். கடுகண்ணாவை ஏற்றத்திலோ றம்பொடை வளைவுகளிலோ அளவுக்கு மீறி மென்மையான கார் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து போகும். பின்னால் இருக்கும் பிள்ளைக்கு உடனே பொலித்தீன் பை தேவைப்படும். அந்த இடத்தில் சற்று இறுக்கமான காரே நிம்மதி. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோ மீற்றரில் போகும்போதும் அது நிதானமாக நிற்கும். ஸ்போர்ட் வகையை விரும்புவோர் எல்லாரையும் வீம்புக்காரர் என்று சொல்லிவிடுவது நியாயமல்ல.

பிரான்ஸின் சிட்ரொயன் நிறுவனம் 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வெளியிட்ட 2சிவி என்ற சிறிய காரைப் பற்றிய செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. கூடை நிறைய முட்டைகளை உழுத வயலின் குறுக்கே கொண்டு சென்றாலும் ஒன்றும் உடையக் கூடாது என்பதே அதை வடிவமைத்தோருக்கு இடப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. வளைவில் அது கவிழ்ந்துவிடுமோ என்னும் அளவுக்குச் சாயும். ஆனாலும் கிராமத்து விவசாயிக்குத் தேவைப்பட்டது அதுதான். காரைத் தெரிவு செய்வதற்கு முன் நாம் போகும் வீதியையும் நம்மோடு வருவோரையும் பார்க்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் உதாரணம் வேறு எனக்குத் தெரியாது.

சரி, எப்படி அடையாளம் காண்பது? பின்னால் ஒட்டியிருக்கும் ஆர்எஸ், ஸ்போர்ட் போன்ற எழுத்துக்களை மட்டும் நம்பாதீர்கள். சில கார்களில் அவை உண்மையைச் சொல்லும். சிலவற்றில் பம்பரும் ஆசனத் துணியும் மாத்திரமே மாறியிருக்கும். அதைவிட நேர்மையான சாட்சி டயர். அதன் பக்கவாட்டில் 215/60 ஆர் 16 என்றவாறு அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லி மீற்றரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண், ரிம்மின் அளவு அங்குலத்தில். ஹொண்டா வெசலில் இந்த அளவு டயர் பூட்டியதும் உண்டு. 2016இல் வந்த ஆர்எஸ் வகையில் 225/50 ஆர் 18 பூட்டியிருந்தார்கள். கணக்குப் போட்டால் முதலாவதில் பக்கச்சுவர் 129 மில்லி மீற்றர், இரண்டாவதில் 112.5. குழியின் அடியை முதலில் வாங்குவது இந்த இறப்பர் சுவர்தான். அது குறைந்தால் அடி நேரே ரிம்முக்கும், பிறகு உங்களுக்கும் வந்து சேரும்.

டொயோட்டா அக்குவாவிலும் இதே கதை. சாதாரணமாக 175/65 ஆர் 15 டயரோடு வருவது ஒன்று. 195/50 ஆர் 16 டயரோடு வருவது மற்றொன்று. பெரிய ரிம் பார்ப்பதற்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதனோடு, கார் திரும்புவதற்குத் தேவையான வட்டத்தின் ஆரையும் 4.8 மீற்றரிலிருந்து 5.7 மீற்றராகக் கூடிவிடுகிறது. ஒடுக்கமான ஒழுங்கைக்குள் வீடுள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஒரே வெட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுக்க நேரும்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கணவர் முன்னால் அமர்ந்து, காபட் போட்ட பிரதான வீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்ல வாகனம்" என்று முடிவு செய்துவிடுவார். சிறிய கார்களில் பின்னாசனம் பின் சக்கரங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. குலுக்கம் அங்கேதான் அதிகம். ஆகவே நீங்களும் போங்கள், பின்னால் அமருங்கள், உங்கள் வீட்டு ஒழுங்கை வரை காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது கவனியுங்கள். சொகுசுக் கார் ஒரு முறை நீளமாக அமிழ்ந்து எழும்பும். ஸ்போர்ட் வகை "டக்" என்று தட்டிவிட்டு உடனே அடங்கிவிடும். தட்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடினால் அது எந்த வகையுமல்ல, ஷொக் அப்சோபர் பழுதடைந்த கார்.

நம் நாட்டில் இந்தக் கடைசி வகை பற்றித்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையிலான ஐந்து வருடங்களும் ஓடிய கார்களே கைமாறிக் கொண்டிருந்தன. அவற்றில் பலவற்றின் சஸ்பென்ஷன் தேய்ந்து போயிருக்கிறது. சிலர் காரை உயர்த்துவதற்காக ஸ்பிரிங் சுற்றுகளுக்கிடையில் இறப்பர் துண்டுகளைச் செருகிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கையே வெட்டிவிடுகிறார்கள். இரண்டும் சொகுசைக் கெடுக்கும். வெட்டுவது ஆபத்தும் கூட. நம்பிக்கையான கராஜ் பாஸ் ஒருவரைக் கொண்டு காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் விலையைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசலாம். ஜப்பானிலிருந்து வந்த ரிகண்டிஷன் காரானால் ஏல அறிக்கையைக் கேளுங்கள். சஸ்பென்ஷன் மாற்றப்பட்டிருந்தால் அதில் குறிக்கப்படுவதுண்டு.

விற்பனையாளர் "ஸ்போர்ட் பட்டன் இருக்கிறது, வேண்டியபோது அமர்த்தலாம்" என்று சொல்வார். பெரும்பாலான சிறிய கார்களில் அந்தப் பட்டன் எஞ்சின், கியர் ஆகியவற்றின் வேகத்தையே மாற்றும், சஸ்பென்ஷனைத் தொடாது. உண்மையிலேயே சஸ்பென்ஷனை மாற்றும் ஏற்பாடுகள் விலை உயர்ந்த கார்களில் உண்டு. 2002இல் கெடிலக் கார் ஒன்றில் வந்த முறையில், ஷொக் அப்சோபரின் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்து, மின்காந்தத்தால் அதை நொடியில் இறுக வைக்கிறார்கள். நம் போன்ற ஆசிரியச் சம்பளக்காரர்கள் கேட்டு ரசிக்கலாம், அவ்வளவுதான்.

ஏற்கனவே வாங்கிய கார் குலுக்குகிறதென்றால் உடனே விற்க வேண்டியதில்லை. முதலில் டயரின் காற்றைப் பாருங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிறு அட்டையில் சரியான அளவு எழுதியிருக்கும். பல இடங்களில் அதைவிடக் கூட்டி அடித்துவிடுகிறார்கள். அடுத்து, அதே மொடல் காருக்கு நிறுவனமே பூட்டும் சிறிய ரிம்மும் உயரமான டயரும் பொருந்துமா என்று விசாரியுங்கள். ஷொக் அப்சோபர் மாற்ற நேர்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இடதும் வலதுமாகச் சோடியாக மாற்றச் சொல்லுங்கள். அது முடியும் வரை நெடும் பயணங்களில் முதுகு வலியுள்ள உம்மாவை முன்னாசனத்தில் அமர்த்திவிட்டு, இளையவர்கள் பின்னால் போய்விடலாம்.